சூட்டில் இறக்கிய ஐந்து பவுண்டு

என் கணவர் நாச்சிமுத்து மூன்றாவது வருடமாக ஒரு கார் டயருக்குள் இருக்கிறார். ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர், வாய் கொப்பளிப்பதற்குள் காற்றாகிவிட்டார். சங்ககிரியில் எங்கள் தெருவில் அந்த வருடம் காற்றானவர்கள் ஏழு பேர். இவர் நாலாவது.

முதல் பத்து நாள் அவரை வீட்டிலேயே அப்படியே விட்டிருந்தேன். காற்றானவர்கள் எவ்வளவு இடம் கொடுத்தாலும் அவ்வளவுக்கும் பரவிக்கொள்வார்கள். மூன்று அறையிலும் சமமாக இருந்தார். அரிசி டிரம்மைத் திறந்தால் அதற்குள்ளும் இருந்தார். ஆனால் எந்த இடத்திலும் அழுத்தமில்லை. சாயங்காலம் என்ன சமைக்க என்று கேட்டால் எந்தப் பக்கமிருந்தும் பதில் வராது. எனக்கு ஜன்னலைத் திறக்கப் பயம். யாராவது கதவைத் தட்டினால் அதைவிடப் பயம். பதினோராம் நாள் அவருடைய பஞ்சர் கடையிலிருந்து கம்ப்ரசரைக் கொண்டுவந்து அவரை உறிஞ்சி, கடையில் கிடந்த ஒரு பழைய கார் வீலில் அடைத்தோம். வீலிலேயே தனியாகப் பொருத்திய அழுத்தக் கேஜில் முப்பத்தெட்டுப் பவுண்டு வந்தார். இடம் குறுகியதும் பழைய ஆளாகிவிட்டார். டயரைத் தொட்டால் விறைப்பாக, எதையோ முடிவு செய்துவிட்டவர் போல இருந்தார்.

எதிர்வீட்டு அமராவதி தன் மாமனாரைக் கால்பந்துக்குள் வைத்திருக்கிறாள். அது ரொம்பச் சின்ன இடம். தரையில் வைத்தாலே துள்ளுகிறார். ஒரு ஜீப் ட்யூபாவது வாங்கி மாற்றேன் என்று நானே சொல்லிப் பார்த்தேன்.

"இருந்த காலத்துலயும் இப்பிடித்தானுங்க்கா துள்ளிக்கிட்டிருந்தாரு," என்றாள். "அடங்கிப்போயிட்டாருன்னா வேற யாரையோ மாத்தி அடைச்சுட்டமோன்னு எங்க வீட்டுக்காரரு பயந்துக்குவாரு."

நாச்சிமுத்துவால் பேச முடியும். வால்வை அமுக்கினால் பேசுவார். ஆனால் அவருடைய பேச்சும் அவரும் ஒன்றுதான். ஒரு சொல்லுக்கு ஒரு பவுண்டு குறைவார். சொல் நீளமாக இருந்தால் இரண்டு. அதனால் நான் வால்வின் மேல் விரலே வைப்பதில்லை. அதற்கு மேல் ஒரு மூடி, மூடிக்கு மேல் ஒரு துணி, துணிக்கு மேல் ரப்பர் பேண்டு.

வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் பேசித்தான் ஆக வேண்டும். சித்திரை மாதத்தில் காற்றானவர்கள் எல்லாரையும் அளவை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அங்கே அவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்ல வேண்டும். சொன்ன பிறகு முப்பத்திரண்டு பவுண்டாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் ஆள் இல்லை, வெறும் காற்று என்று எழுதி, ஜன்னலைத் திறந்து பொதுக்காற்றில் சேர்த்துவிடுவார்கள். நாச்சிமுத்து என்பது நீளமான பெயர். வருடத்துக்கு இரண்டு போய்விடும். இந்த வருடம் புறப்படும்போது முப்பத்திநாலில் இருந்தார்.

அலுவலகம் முன்பு ஊருக்குள்ளேயே இருந்தது. அப்போது எந்த மாதத்திலும் காட்டலாம்; வெயில் காலத்தில் வந்தவர்கள் எல்லாரும் தேறினார்கள், மார்கழியில் வந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாகப் போனார்கள். உள்ளே இருக்கும் ஆள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சூட்டில் ஓடி ஓடிச் சுவரில் மோதுவார்கள், கேஜ் ஏறும். குளிரில் ஒடுங்குவார்கள், கேஜ் இறங்கும். இதை என் கணவர் லாரிக்காரர்களுக்கு முப்பது வருடம் சொல்லியிருக்கிறார். ஜனங்கள் சண்டை போட்டதும் அலுவலகத்தை ஏற்காட்டு மலைக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு குளிர் அறையில் ஒரு மணி நேரம் வைத்து, எல்லாரையும் ஒரே குளிருக்குக் கொண்டுவந்து அளப்பார்கள். மலையில் வெளிக்காற்று மெலிந்திருக்கும், அதனால் டயருக்குள் இருப்பவர் இரண்டு பவுண்டு அதிகமாகத் தெரிவார். இங்கே முப்பத்திநாலு என்றால் அங்கே, குளிருக்குக் கொஞ்சம் கழித்தாலும், முப்பத்தைந்து. பெயருக்கு இரண்டு போனால் முப்பத்திமூன்று. இந்தக் கணக்கை நான் புறப்படுவதற்கு முந்தின வாரம் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் ஒன்று குறையும் என்பதையும் போட்டுப் பார்த்து, அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன். எனக்கு வேறு ஆள் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்பது தடவை அந்தக் கேஜைப் பார்ப்பேன். அவர் ஜன்னல் வழியாகப் போய்விட்டால் நான் எதைப் பார்ப்பது?

இரண்டு வருடம் பஸ்ஸில் கொண்டுபோனேன். இந்த வருடம் கொழுந்தனார் சென்னியப்பன் தன் வேனில் கூட்டிப்போகிறேன் என்றார். நாற்பது வயது ஆள். அண்ணன் கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு, பிறகு சொந்தமாகச் சின்ன வேன் வாங்கிக் காய்கறி ஏற்றுகிறவர். நான் ஈரச் சாக்கைச் சுற்றி வீலைப் பின்னால் ஏற்றினேன்.

"அண்ணி, நீங்க முன்னாடி உக்காந்து தூங்குங்க. அண்ணன நான் பாத்துக்கறனுங்க," என்றார்.

"தூங்கறதாவது. சாக்கு காயாமப் பாத்துக்க, தம்பி."

சாக்கு காய்ந்துவிட்டது. சேலம் தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொல்லி, குடத்தில் தண்ணீர் பிடிக்கப் போனேன். குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. பாதிக் குடம் நிறைவதற்குள் வேன் பக்கமிருந்து ஒரு சீறல் கேட்டது. நான் குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது சீறல் நின்றிருந்தது. சென்னியப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, டயருக்கு முன்னால் பணிவாக நின்றிருந்தார்.

"என்ன பண்ணுன?"

"நம்ம வண்டி வீலு நாலும் பாத்தனுங்க. அப்படியே அண்ணனையும் பாத்தேன். முப்பத்தொம்பது காட்டுச்சுங்க அண்ணி. வெடிச்சுப்போயிருவாரோன்னு பயந்துபோயி முப்பத்திநாலுக்கு எறக்கிப்போட்டனுங்க."

"வெயில்ல வெந்து கெடக்கறப்ப முப்பத்தொம்பதுதான் காட்டும். ஆறுனா தானா எறங்கும். சூட்டுல யாராவது எறக்குவாங்களா? பதினோரு வருசம் அந்தக் கடையில என்னதான் பண்ணுன?"

"அண்ணனும் அதையேதானுங்க சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"'சூட்டுல காத்த எறக்காதடா தம்பி'ன்னாரு."

நான் விரலை மடக்கி எண்ணினேன். சூட்டுல, ஒன்று. காத்த, இரண்டு. எறக்காதடா, நீளமானது, நான்கு. தம்பி, ஐந்து. சரியாக ஐந்து பவுண்டு.

"முதல் வார்த்தையிலேயே கைய எடுத்திருக்கலாமில்ல?"

சென்னியப்பன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அண்ணன் பேசிக்கிட்டிருக்கறப்ப நடுவுல எப்பிடிங்க கைய எடுக்கறது? முடிக்கட்டும்னு நின்னனுங்க."

அந்தக் குடும்பத்தில் அண்ணன் பேசும்போது தம்பிமார்கள் குறுக்கே பேசியதில்லை. மூடியைப் போட்டு, துணியைக் கட்டி, ரப்பர் பேண்டை மாட்டினேன். முன்னால் உட்காரவில்லை. பின்னால் வீலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மலை ஏற ஆரம்பித்தோம். இருபது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் மெலிந்த காற்று அவரைக் கொஞ்சம் தூக்கியது, மறுபக்கம் குளிர் அவரைக் கொஞ்சம் இறக்கியது. கேஜின் முள் இரண்டுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. நான் முள்ளையே பார்த்துக்கொண்டு போனேன்.

அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் ஒரே ஒருவர் இருந்தார். தாடி வைத்தவர். அக்காவை லாரி ட்யூபில் கொண்டுவந்திருந்தார். அளவை அலுவலர் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டிருந்தார். அவர் வால்வை அமுக்க, அந்த அம்மாள் தன் பெயரைத் தெளிவாகச் சொன்னார். கேஜ் முப்பதில் நின்றது. அலுவலர் பேரேட்டில் 'காற்று' என்று எழுதி, எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். கீழே பள்ளத்தாக்கு தெரிந்தது.

"மெதுவா விடவா, சட்டுனு விடவா?" என்று கேட்டார்.

"மெதுவாவே விடுங்க சார்," என்றார் தாடிக்காரர். "அவ எதுக்கும் அவசரப்பட மாட்டா."

நாலு நிமிடம் ஆயிற்று. அந்த நாலு நிமிடமும் அந்த அம்மாள் பேசினார். எந்தப் பாத்திரம் யார் வீட்டில் இருக்கிறது, எதை வாங்கி வர வேண்டும், எதைக் கேட்காமல் விட்டுவிடலாம் என்று வரிசையாகச் சொன்னார். தம்பி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியாக ஒரு சட்டியைப் பற்றிச் சொல்லும்போது குரல் தேய்ந்துவிட்டது. தாடிக்காரர் தொளதொளத்த ட்யூபை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்து, "வரேனுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அலுவலர் ஜன்னலைச் சாத்தவில்லை. அடுத்தது நாங்கள்.

நாச்சிமுத்துவைக் குளிர் அறையில் வைத்தார்கள். கதவில் சின்னக் கண்ணாடி. நான் அதில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே போகும்போது முப்பத்திமூன்று. கால் மணியில் முப்பத்திரண்டரை. என் மூச்சு கண்ணாடியில் படிந்து கேஜ் மறைந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். முப்பத்திரண்டு. மறுபடி படிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். முப்பத்தொன்றில் வந்து நின்று, அதற்கு மேல் அசையவில்லை. சூட்டில் போன ஐந்து, குளிரில் நாலாகத்தான் தெரிந்தது. பெயர் சொன்னால் இருபத்தொன்பது.

சென்னியப்பன் என் காதருகே வந்தார். "அண்ணி, வேன்ல கம்பளி கெடக்குதுங்க. அண்ணனுக்குப் போத்திவுட்டா சூடேறும். மூணு பவுண்டு ஏறிரும்."

"தெர்மாமீட்டர் வெச்சுத்தான் அளப்பேன்," என்றார் அலுவலர், பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"கயித்தப் போட்டு இறுக்கிக் கட்டுனா? எடம் குறைஞ்சா ஏறுமில்லீங்க?"

"டேப்பும் இருக்குது. சூடு, சுற்றளவு, அழுத்தம், மூணையும் எழுதணும். ரெண்டு அசையாம நின்னா மூணாவது பொய் சொல்லாது. இங்க வந்தவங்க எல்லாரும் இதத்தான் பண்ணிப் பார்த்தாங்க. ஒருத்தர் அவங்க அப்பாவ மடியில வெச்சு ரெண்டு மணி நேரம் தேய்ச்சாரு."

"தேறுனாருங்களா?"

"கை கொப்புளிச்சுப்போச்சு."

அலுவலர் வீலை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்தார். ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடுவில் நாலு எட்டு இருக்கும். நான் அந்த இடத்தில் போய் நின்றுகொண்டேன்.

"சேர்க்கறதுக்கு வழி ஏதும் இல்லீங்களா?" என்றேன். "இது அவரு பேசுன பேச்சுக்குப் போனதில்லீங்க. தெரியாம எறக்குனது."

அவர் பேரேட்டின் முன்பக்கத்துக்குப் போய், விரலை வரி வரியாக ஓட்டினார். "ஊர்க்காத்து சேர்க்கக் கூடாது. அப்படிச் சேர்த்தா எல்லாருமே தேறிருவாங்க. ஆனா காப்பாளர் தன் சொந்த மூச்சச் சேர்க்கலாம்னு இருக்குது. காப்பாளர் யாரு?"

"நாந்தானுங்க. பாவாயி."

"என்னோட மூச்ச எடுத்துக்கங்க சார்," என்று சென்னியப்பன் முன்னால் வந்தார். "தப்புப் பண்ணுனது நானு."

"நீங்க பேரேட்டுல இல்ல. வேணும்னா பம்ப மிதிங்க."

ஒரு கால் பம்பைக் கொண்டுவந்து வைத்தார். குழாயை வால்வில் மாட்டினார். பம்பு காற்றை இழுக்கிற துளையை என் வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் முழுதாக ஊத, சென்னியப்பன் மிதிக்க வேண்டும். நடுவில் நான் மூச்சை இழுக்கக் கூடாது. இழுத்தால் அது ஊர்க்காற்று.

ஊதினேன். சென்னியப்பன் மிதித்தார். மூன்றாவது மிதியில் கேஜ் லேசாக நகர்ந்தது. ஐந்தாவதில் என் நெஞ்சு காலியானது. அதற்குப் பிறகு அதற்குக் கீழே இருந்தது வர ஆரம்பித்தது. எட்டாவது மிதியில், காலையில் அடுப்பை அணைத்தேனா என்ற எண்ணம் என்னை விட்டுப் போனது. அது குழாய் வழியாகப் போவது எனக்குத் தெரிந்தது. பத்தாவதில் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் போனது. பன்னிரண்டாவதில் அடுத்த வருடம் போனது. முப்பத்திரண்டு. முப்பத்திமூன்று.

"அண்ணி, முடியலீன்னா விட்டுருங்க," என்றார் சென்னியப்பன், மிதித்துக்கொண்டே. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் பம்பின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

நான் கையால் மிதி என்று காட்டினேன். பதினைந்தாவதில் கண் இருட்டியது. மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். பதினெட்டாவதில் கையும் காலும் எனக்கு வெகு தூரத்தில் இருந்தன. ஜன்னல் திறந்தே இருக்கிறதே என்று நினைக்கப் போனேன். நினைப்பதற்குள் அதுவும் குழாயில் போய்விட்டது. இருபதாவது மிதியில் அலுவலர் கையைத் தூக்கினார்.

"முப்பத்தஞ்சு. போதும். இப்ப மூச்சு வாங்கிக்கங்க."

வாங்கிக்கொண்டேன். மலைக்காற்று குளிர்ந்து உள்ளே இறங்கியது. அதில் ஒன்றுமே இல்லை. அவ்வளவு சும்மா இருந்த ஒன்றை நான் அதுவரை சுவாசித்ததில்லை.

அலுவலர் தெர்மாமீட்டர் வைத்தார், எழுதினார். டேப்பைச் சுற்றினார், எழுதினார். பிறகு வால்வின் மேல் கட்டைவிரலை வைத்து, "பேரச் சொல்லுங்க," என்றார்.

கடைசியாக உள்ளே போனது முதலில் வெளியே வந்தது.

"பாவாயி," என்றது டயர், என் குரலில், சரியாகத்தான் சொன்னோமா என்ற சந்தேகத்தோடு.

அலுவலர் விரலை எடுத்தார். சின்னப் பெயர். ஒரு பவுண்டுதான் போயிருந்தது. கேஜ் முப்பத்திநாலில் நின்றது.

அவர் பேனாவை மையில் தொட்டு, நிதானமாக எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "உள்ளே இருப்பவர், பாவாயி. மிச்சம் முப்பத்திநாலு. தேறினார்." முத்திரை குத்தினார். பிறகு அடுத்த கட்டத்துக்குப் போனார். "காப்பாளர்." போன வருடத்துப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அங்கே இரண்டே பெயர்கள்தான் இருந்தன. ஒன்றை ஏற்கனவே எழுதியாயிற்று. "நாச்சிமுத்து," என்று எழுதிப் பேரேட்டை என் பக்கம் திருப்பினார். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கய்யா."

நான் பேனாவை வாங்கினேன். நாச்சிமுத்து 'ந'வை வட்டமாக ஆரம்பித்து, கடைசி எழுத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து, அதற்கடியில் ஒரு புள்ளி வைப்பார். அப்படியே போட்டேன். அலுவலர் பார்த்துவிட்டு, முதல் வருடம் அத்தாட்சிக்கு வாங்கி வைத்திருந்த பஞ்சர் கடை உரிமத்தில் இருந்த பழைய கையெழுத்தோடு ஒத்துப் பார்த்து, தலையாட்டினார். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

சென்னியப்பன் வீலைத் தூக்கி வேனின் பின்னால் வைத்தார். இரண்டு பக்கமும் செங்கல் வைத்து ஆடாமல் பார்த்துக்கொண்டார்.

"அண்ணி உள்ள ரொம்பப் பதறுறாங்கண்ணா," என்றார். "கைய வெச்சா தெரியுது."

"மலையிறங்குனா பழகிக்குவா," என்றேன்.

அவர் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வேன் சாவியை இரண்டு கையாலும் நீட்டினார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நாச்சிமுத்துவுக்குத் தெரியும். சாவியை வாங்கி, சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு கிளப்பினேன். முதல் வளைவில் ஒரு பஸ் ஏறி வந்தது. இரண்டாவது கியருக்கு வந்து, ஓரமாக ஒதுங்கி, அதற்கு வழி விட்டேன்.